கேட்டும் விளங்காதவர்கள்



நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஏழாம் வகுப்பின் கடைசிப் பலகையில் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். சொல்வதெழுதுதலில் 'பட்டு' என்றால் 'தட்டு' என்று எழுதுவான். கவனக்குறைவென்று கருதி, அவனைப் பன்முறை பலகையின்மேல் நிற்க வைத்தேன். ஒருநாள் மாலை, வகுப்பு கலைந்த பின்னர், அதே பகுதியை அவனெதிரில் அமர்ந்து சொன்னேன். ஒரு பிழையுமின்றி எழுதினான். பின்பு மருத்துவர் சோதித்து, அவன் செவியில் குறையேதுமில்லை என்றார். அன்று எனக்கு உண்டான நாணம் இன்றும் நீங்கவில்லை.

கேட்டல் என்பது இரு பகுதிகளையுடைய செயல். ஒலியைச் செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் உட்செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. நத்தைக்கூடு போன்ற அவ்விடத்திலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதனை நரம்பின் வாயிலாக மூளைக்கு அனுப்புகின்றன. இரைச்சலினின்று பேச்சைப் பிரித்தறிவது மூளையின் பணி. சிலருக்குச் செவி நன்றாயிருந்தும் இப்பணி தடைப்படும். அமைதியில் விளங்கும் சொல் கூட்டத்தில் குழம்பும். இது மடமையுமன்று, அடங்காமையுமன்று.

செவியிலேயே குறையுள்ளவரும் உளர். மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின், குழந்தை பிறந்தவுடனேயே செவிச்சோதனை செய்தல் நன்று. காலத்தே அறிந்தால், காது கேட்கும் கருவியோ, நரம்பை மின்னாற்றலால் தூண்டும் காக்ளியர் கருவியோ பொருத்திப் பேச்சுப் பயிற்சியும் அளிக்கலாம். இத்துறையில் வல்லுநரைப் பயிற்றுவிக்க, மைசூரில் 1965-ஆம் ஆண்டிலேயே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் தோன்றியது.

நீங்கள் செய்யக்கூடிய உதவியோ மிக எளிது. அத்தகைய தோழனுக்கு முன்வரிசையில், தெருவோரச் சன்னலுக்கு விலகிய இடத்தைக் கொடுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழுமாறு நின்று, அவனை நோக்கி நிதானமாகப் பேசுங்கள். விளங்காவிடில் வேறு சொற்களால் கூறுங்கள், எழுதியும் காட்டுங்கள். வீட்டிலுள்ள முதியோருக்கும் இதுவே முறை. முதுமையில் உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலில் மங்கும். உரக்கக் கத்தினால் ஓசை பெருகுமேயன்றித் தெளிவு பெருகாது.

யாவற்றினும் மேலாக ஒன்று சொல்வேன். "என்ன சொன்னாய்?" என்று ஒருவர் மறுபடியும் கேட்கும்போது, "ஒன்றுமில்லை" என்று கூறி நகர்ந்துவிடாதீர்கள். அச்சொல் அவரை நம் கூட்டத்தினின்று விலக்கி நிறுத்துகிறது, அன்று நான் அச்சிறுவனைப் பலகையின்மேல் தனியே நிறுத்தியதைப் போல.