மருந்தும் மூச்சும்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



“நாங்கள் கொடுப்பது ஏழைகளின் மருந்துக்கு, அதில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?” என்று நம் ஆதரவாளர்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பாம்புக்கடியை வைத்தே பதில் சொல்லுகிறேன்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மரித்தார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பெரிய வலியில்லை, வீக்கமில்லை; பல்தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். பிறகு இமைகள் சரியும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். கண்ணின் பாவை வெளிச்சத்துக்கும் சுருங்காது. பார்க்கிறவர்கள், “உயிர் போய்விட்டது” என்று அழத் தொடங்குவார்கள். ஆனால் உள்ளே அவருக்கு நினைவு இருக்கக்கூடும். நாம் பேசுவது அவர் காதில் விழக்கூடும். ஆகவே அப்படிக் கிடப்பவரின் அருகில் ஜெபிக்கும்போது, நான் அவர் பெயரைச் சொல்லி, இன்று இன்ன கிழமை, உம்முடைய வீட்டார் வெளியே காத்திருக்கிறார்கள் என்று சொல்லுகிறேன்.

விஷமுறிவு மருந்து ஏற்றியும் இவர் ஏன் எழும்பவில்லை? இலங்கையின் அனுராதபுரத்தில் கட்டுவிரியன் கடித்தவர்களின் இரத்தத்தையும் நரம்புகளின் செயலையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மருந்து இரத்தத்திலுள்ள விஷத்தைக் கட்டிவிடுகிறது. ஆனால் அதற்குள் தளர்ந்துபோன தசைகளை எழுப்புவதில்லை. ஏனெனில் இந்த விஷம் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. அது மறுபடியும் வளர நாட்கள் செல்லும். சிலருக்கு வாரங்களும் ஆகும். அதுவரை அவருக்காக வேறொருவர் மூச்சு கொடுக்கவேண்டும். மருந்து சீக்கிரம் வேண்டும். ஆனால் மருந்து மாத்திரம் போதாது. செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத இடத்தில், கையால் அமுக்கும் சுவாசப் பையும் அதை மாறிமாறிப் பிடிக்கும் கைகளுமே கருவி கிடைக்கும்வரை அவரைக் காக்கும்.

இன்னொன்று. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுக்க வழக்கமாகக் கொடுத்துவந்த மருந்துகளை இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டியே குறைந்த அளவில் கொடுத்த அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைத்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் ப்ரோமெத்தசினும் தடுக்கவில்லை. நல்லதென்று நம்பிக் கொடுப்பது ஒன்று. நல்லதா என்று சோதித்துக் கொடுப்பது வேறொன்று. ஏழைக்கும் சோதித்ததே கிடைக்கவேண்டும்.

ஆராய்ச்சி என்றால் விலையுயர்ந்த கருவிகள் என்று எண்ணவேண்டாம். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்த ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைவு என்று 2007-இல் காட்டியது. ஒரு கொசுவலை! அதை எந்தச் சபையாரும் வாங்கிக் கொடுக்கலாம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை மருந்தாகவும் மூச்சாகவும் ஆகிறது. எது உண்மையாய்க் காப்பாற்றுகிறது என்று பொறுமையோடு தேடி அறிவதும் இரக்கத்தின் ஊழியமே. உங்கள் கிராமச் சபைகளில் இதைச் சொல்லுங்கள்: கடித்த இடத்தைக் கீறவேண்டாம், இறுக்கிக் கட்டவேண்டாம், மந்திரிக்கிறவரிடம் நேரத்தைப் போக்கவேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். அவர் அசைவற்றுக் கிடந்தாலும், செத்துவிட்டார் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதிருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.