உஸ்தாதுமார்களும் கூடிக் கற்கட்டும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் குடியிருந்த காலத்தில், அண்டை வீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவருடன் முறை வைத்துக் கொண்டார்கள். ஒரு நாள் இவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, அறிந்ததை வந்து அவருக்குச் சொல்வார்கள். மறுநாள் அவர் சென்று வந்து இவர்களுக்குச் சொல்வார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பகுதியில் இதற்கென்றே தனித் தலைப்பு தந்துள்ளார்கள்.

நமது மக்தப்களில் இம்முறை எங்கே இருக்கிறது? குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என எங்கும் ஒவ்வோர் உஸ்தாதும் தனித்தே நிற்கிறார். ஒரு மஹல்லாவில் நூரானி காயிதா. அடுத்ததில் யஸ்ஸர்னல் குர்ஆன். வாடகை குறைவென்று குடும்பம் கூடுவாஞ்சேரிக்குப் பெயர்ந்தால், பிள்ளை மறுபடியும் அலிஃபிலிருந்து தொடங்குகிறது. இரண்டு முறை இப்படி நேர்ந்தால், மூன்றாம் முறை அது மக்தபுக்கே வருவதில்லை.

ஸே, ஸீன், ஸாத் மூன்றையும் தமிழில் ஒரே ‘ஸ’வாகவே எழுதுகிறோம். பிள்ளையின் நாவும் அப்படியே பழகிவிடுகிறது. ஸேவுக்கு நாநுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். ஸாதுக்கு நாவின் பின்பகுதி உயர்ந்து ஒலி கனக்க வேண்டும். ஓர் உஸ்தாத் பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுத்து அதன் நாவை அதற்கே காட்டுவார். இன்னொருவர் பத்தாண்டுகளாகத் தொண்டை வற்றச் சொல்லிக் கொண்டிருப்பார். இருவருக்கும் இடையே இரண்டு ரயில் நிலையங்கள்தாம்!

நம் சென்னையிலேயே முன்மாதிரி உண்டு. 2003இல், திரு. எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்குச் சென்று அங்குள்ள வகுப்புகளைக் கண்டு வந்து, நமது பாடத்திட்டத்திற்கேற்ற அட்டைகளைக் கூடி உருவாக்கினர். 2007-08இல் அது மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. கூடி உருவாக்கியவருக்கு அது சொந்தக் கைவேலை. உத்தரவாகப் பெற்றவருக்கோ இன்னுமோர் அட்டைப் பெட்டியாகிவிடும் என்பது நமது கருத்து. எனவே மேலிருந்து ஒரு பாடநூலை நிர்ணயித்து அனுப்புமாறு நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது மாதம் ஒரு ஞாயிறு, லுஹருக்குப் பின் இரண்டு மணி நேரம். ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் உடனிருந்து கவனித்து, பின்னர் அப்பாடத்தைப் பற்றி உரையாடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விவாதிக்கப்படுவது பாடம்தான், ஆசிரியரின் தகுதி அல்ல. நமது அமர்வும் அவ்வாறே அமைய வேண்டும். ஆகவே முத்தவல்லியும் செயலாளரும் அங்கு வந்து அமர வேண்டாம். அவர்கள் முன்னிலையில், தமக்குத் தெரியாததை எந்த உஸ்தாதும் கேட்க மாட்டார். (தேநீர் அனுப்பினால் மனமுவந்து ஏற்றுக் கொள்வோம்.) உஸ்தாதுமார்களின் ஊதியம் எவ்வளவு என்பதை இச்சபை அறியும், அதில் பிடித்தம் கூடாது, பயணச் செலவை ஜமாஅத்துகள் ஏற்க வேண்டும்.

முதல் அமர்வுக்கு ஸாத் எழுத்தையே எடுத்துக் கொள்வோம். எந்தப் பள்ளிவாசலாயினும் சரி. ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தொலைவில் இருக்கட்டும். வஸ்ஸலாம்.