இசை படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு தாள்



கோலாலம்பூரில் 1994-இல் தொடங்கிய கலைக் கழகம்தான் இன்றைய அஸ்வாரா. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் இசையிலேயே பட்டம் பெறலாம். இசையமைப்புப் படிக்க மனுப் போட்டால், "இதுவரை என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். "பியானோ கிரேட் இல்லையே, என்னத்தைங்க எழுதுறது?" என்று நம்மில் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறோம். வைக்காதீர்கள்!

கிள்ளான் பக்கத்துக் கோயில் திருவிழாவில் உறுமி அடித்ததும் இசைதான். தேவாரப் போட்டியில் பாடியதும் இசைதான். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வயலின் கற்றதும் இசைதான். ஆண்டு, இடம், ஆசிரியர் பெயர், உங்கள் பங்கு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். புதியது மேலே வரட்டும். நீங்களே கட்டிய மெட்டுகளுக்கே முதலிடம்: தலைப்பு, எந்தக் கருவிக்கு, எத்தனை நிமிடம். ஒலிப்பதிவும் சுரக்குறிப்பும் கூடவே இருக்கட்டும். செய்யாததை எழுத வேண்டாம். நேர்முகத் தேர்வில் வாசிக்கச் சொன்னால் விரலே காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோர்களே, எஸ்.பி.எம். முடிந்தபிறகு தேடினால் சான்றிதழ் கிடைக்காதுங்க. இன்றே ஒரு ஃபைல் வாங்குங்கள். இன்று மேடையில் பிள்ளை பெறும் நற்சான்றிதழே அதில் முதல் தாளாகட்டும்.