கடைக்கோடி அறைக்கு எட்டும் அலை



எங்கள் வீட்டு ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. என் மகள் படிக்கும் அறையோ பின்கட்டில். இடையே மூன்று செங்கற்சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை மிகுதியாகச் செய்தி சுமக்கும். ஆயினும் சுவர்களில் எளிதில் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைக் கடக்கும்; எனினும் மெலிந்தே சேரும். தேர்வு நெருங்கிய வேளையில் அவளுடைய இணையவழிப் பாடம் அடிக்கடி அறுந்தது.

ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அவள் அறையிலேயே வைத்தேன். கைப்பேசியில் அலைக்குறி நிறைந்து நின்றது, பாடமோ வரவில்லை. பிழை என்னுடையதே. தன் செவிக்கு எட்டாத சொல்லை ஒருவன் அடுத்தவனுக்கு எங்ஙனம் உரைப்பான்? குறி காட்டியது ரிப்பீட்டரின் அண்மையையே அன்றி, ரூட்டரின் அண்மையை அன்று.

அதனை நடுவழிக்கு மாற்றினேன், பாடம் வந்தது. ஆயினும் ஒரே அலைவரிசையில் கேட்பதும் உரைப்பதும் மாறி மாறி நிகழ்வதால், வேகம் ஏறத்தாழப் பாதியாயிற்று.

பின்னர், பரணில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்தேன். முதல் ரூட்டரோடு மோதாத முகவரி ஒன்றை அதற்கு அளித்தேன். பிற கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் பணியை நிறுத்தினேன். ஒரே வீட்டில் இருவர் அப்பணியைச் செய்தால் குழப்பமே மிஞ்சும். இரண்டின் லேன் துளைகளையும் கம்பியால் இணைத்தேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்க, சேனலை மட்டும் 1-க்குப் பதில் 6 ஆக்கினேன்.

பாடம் தடையின்றி நடந்தது. புதுக்கருவியால் ஆகாததைப் பழைய கருவியும் ஒரு கம்பியும் செய்தன என்று வியக்க வேண்டா. அலையின் இயல்பை அறிந்த பின்னரே அவை பயன்பட்டன.