எஸ்ஸா, சி-யா? ஒரு டைரக்டரிக்குப் பேர் வைத்த கதை

"ஒரு சைட் ஆரம்பிக்கப் போறேன், பேர் என்ன வைக்கலாம்?" இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடுது. கேட்கிறவங்க ஏற்கெனவே ஒரு பேரை மனசுல வச்சுக்கிட்டுதான் கேட்கிறாங்க. நான் தலையாட்டணும், அவ்வளவுதான். இன்னைக்குத் தலையாட்டப் போறதில்ல. நான் சொதப்பின கதையைச் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. திருநெல்வேலியில இருந்து அம்பாசமுத்திரம் போற வழியில, தாமிரபரணிக் கரையில இருக்கு. வேலை சென்னையில. 2023-ல நானும் கூடப் படிச்ச ஒருத்தனும் சேர்ந்து ஊருக்கு ஒரு டைரக்டரி பண்ணோம். பிளம்பர், மோட்டார் காயில் கட்டுறவர், லோடு ஆட்டோ, ராத்திரியில தட்டினா திறக்கிற மருந்துக்கடை, இப்படி நூத்துச் சொச்சம் நம்பர். கோடு எழுத ரெண்டு வீக்கெண்ட் ஆச்சு. பேர் வைக்க அஞ்சு நிமிஷம். ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல முழுசா போட்டு, ஒரு ஹைஃபன் போட்டு, 'லோக்கல் கனெக்ட்'. பார்க்க ஸ்டார்ட்அப் மாதிரி இருந்துச்சு. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கத்து ஆளுங்க மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் சுமார் 800 பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. ஆத்துல வெள்ளம். எங்க மதினி போன் பண்ணாங்க, லைன் விட்டு விட்டு வருது.

"தம்பி, அத்தைக்கு இன்சுலின் தீந்துட்டு. நம்ம மெடிக்கல் பூட்டிக் கெடக்கு. கடைக்கார அண்ணாச்சி நம்பர் இருக்கா?"

அத்தைன்னா எங்க அம்மா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? நம்பரை எடுத்து நேரா சொல்லியிருக்கணும். நம்ம சைட்டுக்கு இதோ ஒரு வேலை வந்துடுச்சுங்கிற நினைப்புல, "மதினி, நம்ம சைட்ல இருக்கு பாருங்க, அடிச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சேன். "சேரன்மகாதேவி..."

"எஸ்ஸா, சி-யா?"

"சி, அப்புறம் ஹெச். நடுவுல ஒரு ஹெச் வரும். கடைசியில ஒரு கோடு. கீழ போடுற கோடு இல்ல மதினி, நடுவுல போடுறது..."

லைன் கட். மூணு மணி நேரம் கழிச்சுத்தான் மறுபடி கிடைச்சது. அதுக்குள்ள எங்க அண்ணன் போய் மருந்தை வாங்கிட்டு வந்துட்டான். பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட ஒரு பழைய நாப்பது பக்க நோட்டு இருக்கு. அதுல கடைக்கார அண்ணாச்சி நம்பரும், கீழயே வீடு எந்தத் தெருங்கிறதும் கொட்டை எழுத்துல இருந்திருக்கு. நெட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். "அந்த நம்பர் நோட்டை எடுல"ன்னா வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஊரு போர்டுல சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் இங்க நடத்தின குருகுலமும் அதுல நடந்த தனிப்பந்தி சர்ச்சையும் 1920கள்ல தமிழ்நாட்டையே உலுக்குச்சு. அதைப் பத்தின புத்தகங்கள்ல சேரன்மாதேவி. பஸ்ல ஏறினா சேர்மாதேவி. சரி, தமிழ்ல மூணுதான். இங்கிலீஷ்ல? சி-ஹெச்ல தொடங்கலாம், வெறும் எஸ்ல தொடங்கலாம், பழைய ஆவணங்கள் மாதிரி எஸ்-ஹெச்ல தொடங்கலாம். 'ரன்' வரலாம், வெறும் 'ர்' வரலாம். 'மகா' இருக்கலாம், 'மா' இருக்கலாம். மூணு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ரெண்டு, பன்னிரண்டு. பன்னிரண்டுல நான் காசு கொடுத்து வாங்கினது ஒண்ணு. மீதி பதினொண்ணுல எதை அடிச்சாலும் 'பக்கம் இல்லை'.

இது எங்க ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 2020 ஜூன்ல, ஊர்ப் பேர்களைத் தமிழ் உச்சரிப்புப்படியே இங்கிலீஷ்ல எழுதணும்னு 1,018 ஊர்களுக்கு தமிழ்நாடு அரசோட அரசாணை வெளியாச்சு. கோயம்புத்தூரையும் வேலூரையும் எழுதியிருந்த விதத்தைப் பார்த்து ட்விட்டர் முழுக்கக் கிண்டல். சில நாள்லேயே ஆணை வாபஸ். அரசாங்கமே தடுமாறின இடத்துலதான் நாம அஞ்சு நிமிஷத்துல டொமைன் வாங்கிடறோம்.

"ஒரு எழுத்துதானே, கூகுள் சரி பண்ணிக்கும்"னு சொல்லுவீங்க. கூகுள் சரி பண்ணும். ஆனா அட்ரஸ் பார்ல நேரா அடிச்சா, ஒரு எழுத்து மாறினாலும் டிஎன்எஸ்ஸுக்கு அது வேற ஆளு. அங்க வேற யாராவது கடை போட்டு உட்கார்ந்திருக்கலாம். இந்தியாவுல இதுக்குப் பெரிய வழக்கே நம்ம சென்னைக் கம்பெனியோடதுதான். சத்யம் இன்ஃபோவேங்கிற ரெண்டு வார்த்தையைச் சேர்த்து 'சிஃபி'ன்னு ஒரு புதுச் சொல்லை உண்டாக்கி, 1999-ல அதுல பல டொமைன்களைப் பதிவு பண்ணாங்க. 2001-ல இன்னொரு நிறுவனம் வந்து கிட்டத்தட்ட அதே பேரை, ஒரே ஒரு 'எஃப்' கூடுதலா போட்டு வாங்குச்சு. எங்க பங்குதாரர் அஞ்சு பேரோட முதல் எழுத்துன்னு விளக்கமும் கொடுத்தாங்க. வழக்கு பெங்களூர்ல தொடங்கி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. டொமைன் பேர்ங்கிறது வெறும் முகவரி இல்ல, அது ஒரு வியாபாரத்தோட அடையாளம். வணிகப் பேருக்கு இருக்கிற பாதுகாப்பு இதுக்கும் உண்டுன்னு 2004 மே மாசம் தீர்ப்பு வந்தது. சிஃபி ஜெயிச்சாங்க. ஆனா கவனிங்க, அவங்க ஜெயிச்சதுக்கு ஒரு காரணம் அது அவங்களே உண்டாக்கின சொல். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு வார்த்தையே கிடையாது.

அப்போ எல்லாரும் புதுச் சொல் உண்டாக்கணுமா? அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அர்த்தம் இல்லாத சொல்லை ஊருக்குப் பழக்க விளம்பரக் காசு வேணும். முருகவேல் ஜானகிராமன் 1997-ல அமெரிக்காவுல இருந்து தமிழர்களுக்கு ஆரம்பிச்ச சைட்டுக்குப் பேர் சிஸ்இந்தியா. இன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? அதுல வரன் பார்க்கிற பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது, அது பாரத் மேட்ரிமோனி ஆச்சு. பேரைக் கேட்டதுமே வேலை புரியுது. அதுக்கும் ஒரு விலை உண்டு. கூகுள் விளம்பரங்கள்ல அந்த வார்த்தைகளை மத்தவங்க பயன்படுத்தறதைத் தடுக்கணும்னு அவங்க சென்னை உயர் நீதிமன்றம் போனப்போ, 2010-ல இடைக்காலத் தடை கிடைக்கல. 'தமிழ்', 'மேட்ரிமோனி' எல்லாம் பொதுச் சொத்து.

டைரக்டரின்னாலே யாஹூவைச் சொல்லாம இருக்க முடியாது. 1994-ல ரெண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் தங்களோட பேரைப் போட்டு, 'ஜெர்ரியும் டேவிட்டும் தரும் வையக விரிவலை வழிகாட்டி'ங்கிற அர்த்தத்துல நீளமா ஒரு பேர் வச்சிருந்தாங்க. சில மாசத்துலேயே யாஹூன்னு மாத்திட்டாங்க. நம்ம ஊர்ல ஜஸ்ட்டயல் இன்னும் ஒரு படி மேல. 1996-ல வி.எஸ்.எஸ். மணி ஆரம்பிச்சது. பேரே ஒரு கட்டளை. நம்பர் பத்து எட்டு. கெட்டுப்போன லைன்லயும் "எல்லாமே எட்டு"ன்னு கத்தினா போதும். என் மதினிக்கு அது புரிஞ்சிருக்கும்.

தமிழ்லயே டொமைன் வச்சா எஸ்-சி சண்டையே இல்லையேன்னு தோணும். எங்களுக்கும் தோணுச்சு. '.இந்தியா' இருக்கு, '.இலங்கை', '.சிங்கப்பூர்' இருக்கு. ஒண்ணு வாங்கிச் சோதிச்சோம். பிரவுசர்ல பார்க்க அவ்வளவு அழகு. ஆனா டிஎன்எஸ்ஸுக்கு உள்ள தமிழ் அப்படியே போகாது. பியூனிகோடுன்னு ஒரு முறையில எக்ஸ்-என், ரெண்டு கோடு, அப்புறம் புரியாத இங்கிலீஷ் எழுத்துகளா மாறிப் போகும். '.இந்தியா'ங்கிற நாலெழுத்தே அப்படித்தான் மாறும். சில ஆப்ல லிங்க்கை ஒட்டினா அந்த உருவம்தான் தெரியுது. எங்க மாமா ஒருத்தர் அதைப் பார்த்துட்டு, "ஏலே, எவனோ பணம் புடுங்க லிங்க் அனுப்பியிருக்கான், தொடாதீங்க"ன்னு ஃபேமிலி குரூப்ல போட்டுட்டார். அவர் மேல தப்பே இல்ல. அதுபோக, ஊர்ல பாதிப் பேர் தமிழையே இங்கிலீஷ் கீபோர்டுலதான் அடிக்கிறாங்க. இந்த நிலைமை மாறணும், மாறும். ஆனா ராத்திரி மருந்துக்கடை தேடுறவங்களை வச்சு அந்தப் போராட்டத்தை நடத்த எனக்கு மனசு வரல.

அப்புறம் ஒருநாள் டவுன்ல அல்வா வாங்க வரிசையில நிக்கும்போது பொறி தட்டுச்சு. இருட்டுக்கடைங்கிறது கடைக்காரர் யோசிச்சு வச்ச பேரா? மங்கலான வெளிச்சத்துல வித்தாங்க, வாங்க வந்தவங்க அப்படிக் கூப்பிட்டாங்க, நின்னுடுச்சு. எங்க சைட்டுக்கும் ஜனங்க ஏற்கெனவே ஒரு பேர் வச்சிருந்தாங்களே. ஆச்சி வீட்டு நம்பர் நோட்டு!

உடனே வாங்கிடல. ஊர்ல பத்துப் பதினஞ்சு பேருக்குப் போன் பண்ணி, பேரை ஒரே ஒரு தடவை வாயால சொல்லி, இங்கிலீஷ்ல அடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். 'நம்பர்' எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துச்சு. 'நோட்டு' ரெண்டா உடைஞ்சது, சிலர் ஒரு டி, சிலர் ரெண்டு டி. பன்னிரண்டு எங்கே, ரெண்டு எங்கே! ரெண்டையும் வாங்கி, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் திருப்பி விட்டோம். வருஷத்துக்குக் கூடுதலா ஒரு பிரியாணி செலவு. ஊர்ப் பேரைப் பேர்ல இருந்தே எடுத்துட்டோம். கூட்டாளிக்கு அதுல இன்னமும் வருத்தம்தான். சேரன்மகாதேவிங்கிற பேர் எவ்வளவு கம்பீரமா இருக்கு, அதைப் போய் எடுத்துட்டியேன்னு கேட்பான். முகப்புல பெரிசா தமிழ்ல இருக்குடா, அடிக்கத்தான் வேண்டாம்னேன்.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ மதினியை அடுத்த ரூம்ல உட்கார வச்சு, போன்ல பேரைச் சொல்லிப் பார்த்தேன். ஒரே தடவையில அடிச்சுட்டாங்க. ஆச்சிகிட்டயும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு மெதுவா தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. "பால்காரன் நம்பர் மாறி மூணு மாசம் ஆச்சு, இதுல பழசு கெடக்கு"ன்னு சொல்லிட்டு, அவங்க நோட்டை எடுத்து நீட்டினாங்க.