தொட்ட காய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசைக்கும் நாடகத்துக்கும் உரிய இம்மேடையில் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் ஒதுக்கிய செயற்குழுவினர்க்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். தலைப்பைக் கேட்டதும் பெற்றோர் சிலர் முகத்தில் புன்னகையும் சிலர் முகத்தில் கவலையும் தோன்றக் கண்டோம். இரண்டுக்கும் காரணம் உண்டு. கவலைக்குரிய செய்தியையும் நாங்கள் மறையாமற் சொல்லுவோம்.

வீடியோ விளையாட்டு என்றவுடன் துப்பாக்கி ஒலியும் விரைந்தோடும் வண்டியும் பலர்க்கு நினைவில் எழும். நாங்கள் பேச வந்தது அவ்வகையன்று. கட்டம் கட்டமாகப் பிரித்த களத்தில், தம் முறை வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வீரரையும் எண்ணி நகர்த்தும் போர் உத்தி விளையாட்டையே பேச வந்தோம். இவ்வீரர் வெறுங் காய்கள் அல்லர். ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, நட்பும் பகையும் உண்டு, போருக்குப் போர் வளரும் திறமையும் உண்டு. சதுரங்கமும் கதையும் ஒன்றாய்க் கலந்தது இவ்விளையாட்டு என்று சொன்னால் பொருந்தும்.

இதன் அடிப்படை நமக்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விளையாட்டை ஆடுவோன் ஒவ்வொரு முறையும் செய்வது இந்நான்கையுமே. பகைவன் வலிமை எவ்வளவு? முன்னேற இது காலமா? மேட்டில் நிற்பதா, காட்டில் மறைவதா, பாலத்தை மறிப்பதா? இவற்றை ஆராயாது ஓர் அடி வைத்தவன் அடுத்த முறையிலேயே வருந்துவான்.

இவ்வகையுள் புகழ்பெற்ற ஒன்று, 1990 இல் ஜப்பானில் வெளிவந்த ஃபயர் எம்ப்ளம். அதனை வகுத்தவர் ஷோசோ காகா. அதில் ஒரு கடுமையான விதி உண்டு. போரில் வீழ்ந்த வீரர் வீழ்ந்தவரே. அடுத்த போருக்கு அவர் எழுந்து வாரார். அவரிடம் நாம் கேட்க வேண்டிய கதையும் அவரோடு முடிந்துபோகும். 1994 இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோலப் வகுத்த எக்ஸ்காம் விளையாட்டிலும் இறந்த வீரர் மீளார். அதனை 2012 இல் புதுப்பித்தோர், வீழ்ந்தவர் பெயர்களைப் பொறிக்க வீரர் பாசறையிலே ஒரு நினைவுச் சுவரும் வைத்தனர். ஆட்டம் முன்னேற முன்னேற அச்சுவரில் பெயர்கள் நிறையும். அவற்றுட் பல நாமே சூட்டிய பெயர்கள்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுகின்றோம். விதி இவ்வளவு கடுமையாக இருந்தும் நாங்கள் பல்லாண்டுகள் அதற்குக் கட்டுப்பட்டு ஆடியதில்லை. ஒரு வீரர் வீழ்ந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி, சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவோம். ஒரே போரை ஆறு முறை, ஏழு முறை ஆடி, இறுதியில் ஒருவரையும் இழவாமல் வென்றோம் என்று பெருமை பேசுவோம். அது வெற்றியா? பகைவன் எங்கே ஒளிந்திருக்கின்றான் என்பதை முதல் ஆறு தோல்விகளில் தெரிந்துகொண்டு, ஏழாம் முறை வீரம் காட்டினோம், அவ்வளவே.

சென்ற கோடை விடுமுறையில் ஓர் உறுதி செய்துகொண்டோம். எவர் வீழ்ந்தாலும் திரும்பத் தொடங்குவதில்லை என்பதே அது. நான்காம் போரில் ஒரு பெட்டியைத் திறக்கும் ஆசையால் எங்கள் வில்லாளனை அணியிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி நிறுத்தினோம். அடுத்த முறையில் அவன் வீழ்ந்தான். கை தானாகவே நிறுத்தும் பொத்தானை நாடிற்று. எனினும் அடக்கிக்கொண்டோம். பின்னர்ப் பறக்கும் குதிரை வீரர் வந்தபோது அவர்களை வீழ்த்த வில்லாளன் இல்லை. வேறு வழி தேடினோம், வரிசையை மாற்றினோம், பின்வாங்கக் கற்றுக்கொண்டோம். அந்த ஒரு பிழையை இருபது போர்களுக்குச் சுமந்தோம். அதுவரை ஆடிய ஆட்டங்களுள் முழுமையாக நினைவில் நிற்பது அது ஒன்றே.

சதுரங்கப் போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்னும் விதியைத் தாங்கள் அறிவீர்கள். பகைமையால் வந்த விதியன்று அது. தொடுமுன் எண்ணுக என்று கற்பிக்கும் விதி. போர் உத்தி விளையாட்டின் உயிரும் அதுவே என்பது எங்கள் துணிபு.

ஆயின், விதியோடு ஊழும் இவ்விளையாட்டில் கலந்திருக்கின்றதே, எண்ணி ஆடியவனையும் அது கெடுக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடி படுமா படாதா என்பதைத் திரை விழுக்காட்டில் காட்டும். 80 விழுக்காடு என்றால் பத்தில் இரண்டு முறை தவறும் என்பதை அறிவு ஒப்புகின்றது, மனம் ஒப்புவதில்லை. இதனை உணர்ந்தே ஃபயர் எம்ப்ளம் விளையாட்டில் 2002 இல் வந்த பாகத்திலிருந்து ஒரு தந்திரம் செய்தனர். ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைக் கொண்டனர். அதனால் திரையில் 80 என்று தோன்றுவது உண்மையில் ஏறத்தாழ 92 ஆகின்றது. 20 என்று தோன்றுவது ஏறத்தாழ 8 ஆகின்றது. மனம் நோகாதிருக்கச் சொல்லும் இனிய பொய் இது. எங்களுக்கோ மெய்யே வேண்டும். பத்தில் ஒரு முறை தவறுமாயின், தவறினால் என் செய்வது என்று முன்னரே எண்ணி வைப்பவனே நல்ல தலைவன்.

ஊழை ஏறக்குறைய நீக்கியும் சுவை குன்றாத விளையாட்டு உண்டு. 2018 இல் வெளிவந்த இன்டு தி பிரீச் அத்தகையது. சதுரங்கப் பலகை போலவே எட்டுக்கு எட்டாய் 64 கட்டங்கள். நம் பக்கம் மூன்று இயந்திர வீரர். பகைவர் அடுத்து எவரை, எங்கே தாக்குவர் என்பதை முன்னரே காட்டிவிடும். அவர்களைக் கொல்வதினும், ஒரு கட்டம் தள்ளிவிட்டு அவர்கள் அடியை அவர்கள் மீதே விழச் செய்வது மேலான உத்தி. குடிமக்கள் வாழும் கட்டடங்களைக் காப்பதே நோக்கம். ஒரு போருக்கு ஒரே ஒரு முறை மட்டும் செய்ததை மாற்றலாம். இந்த அளவை நாங்கள் பாராட்டுகின்றோம். மனிதன் பிழை செய்வான். அவனுக்கு ஒரு வாய்ப்புத் தருக. எல்லையற்ற வாய்ப்பைத் தராதொழிக. 1995 இல் யசுமி மட்சுனோ வகுத்த டாக்டிக்ஸ் ஓகர் என்னும் சிறந்த விளையாட்டின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் 50 நகர்வுகள் வரை பின்னோக்கிச் செல்லும் வசதியைச் சேர்த்தனர். அது எங்களுக்கு மிகையாகவே தோன்றுகின்றது.

அதே டாக்டிக்ஸ் ஓகர், போர்க்களத்துக்கு அப்பாலும் தொட்ட காயை நகர்த்தச் சொல்லும். முதற் பகுதியின் முடிவில், நம் தலைவரே நம் இனத்தார் வாழும் ஊரை அழிக்கக் கட்டளையிடுகின்றார். பழியைப் பகைவர் மீது சுமத்தினால் எஞ்சிய மக்கள் வெகுண்டு எழுவர் என்பது அவர் கணக்கு. இணங்குவதா, மறுப்பதா? நம் விடைக்கேற்பக் கதை இரு வழியாகப் பிரிகின்றது. நேற்றுத் தோள் கொடுத்த நண்பன் இன்று எதிரே நிற்கின்றான். மறுத்தவனும் துன்பத்துக்குத் தப்புவதில்லை. அறத்துக்கு விலை உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய விளையாட்டுகள் சிலவே.

இனி, கவலைக்குரியதைச் சொல்லுவோம். எண்ணத்துக்கு ஈடாக நேரத்தை வாங்கிக்கொள்ளும் விளையாட்டுகள் உள. 1997 இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் கதையால் உயர்ந்தது. ஆயினும் அதில் திறமை பெருக்கும் ஆசையால், பகைவன் ஒருவனை மட்டும் உயிரோடு விட்டுவைத்து, தம் தோழர் மீதே கல்லெறிந்துகொண்டு மணிக்கணக்கில் பொழுது போக்குவோர் உண்டு. நாங்களும் எறிந்தோம். அது விளையாட்டும் அன்று, கல்வியும் அன்று. அதனினும் தீயது, கைப்பேசி விளையாட்டுகளில் காசு கொடுத்துக் குலுக்கலில் வீரரைப் பெறும் முறை. 2017 இல் கைப்பேசிக்கு வந்த ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் விளையாட்டிலும் இம்முறை உண்டு. வேண்டிய வீரர் வரும்வரை மீண்டும் மீண்டும் இழுக்கத் தூண்டுவது அது. அங்கே எண்ணித் துணிதலுக்கு இடம் இல்லை.

ஆதலின் பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் இது. எத்தனை மணி ஆடினாய் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். இன்று எவரை இழந்தாய், ஏன் இழந்தாய், அதன் பின் என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளை எண்ணி ஆடுகின்றது என்று அறியலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன் என்னும் பிள்ளையிடம், அடுத்த முறை அப்படியே தொடர்ந்து பார் என்று சொல்லுங்கள். குலுக்கலுக்குக் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். தேர்வும் தொழிலும் நட்பும் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் வசதியோடு வருவன அல்ல. வீழ்ந்த வில்லாளனோடு ஒரு முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துப் பாருங்கள். இழப்பு நேர்ந்த பின்னும் ஆட்டம் இருக்கின்றது என்பதை அங்கே காண்பீர்கள்.