நாணமும் நலமும்

பல்லில் வலி எடுத்தால் எவரும் பத்துப் பேரிடம் கூறுவர். பெண்ணொருத்திக்கு மறைவிடத்தில் அரிப்போ எரிவோ கண்டால், அதனைப் பெற்ற தாயிடமும் கூறத் தயங்குகிறாள். கண்டி நகரத்து மாடி வீடாயினும், ஹந்தானை, கலஹா மலைத்தோட்டத்து லயன் காம்பிராவாயினும் இத்தயக்கம் ஒன்றே. நாணத்தைப் பெண்ணுக்கு அணி என்றனர் முன்னோர். அவ்வணியே விலங்காகி, உயிரைக் குடிக்கும் நோயையும் மறைக்கச் செய்யுமாயின், அதனை எங்ஙனம் போற்றுவது?

வெள்ளைபடுதலை எடுத்துக்கொள்வோம். உடம்பு உருகி வடிவதாகவே பலர் இதனைக் கருதி அஞ்சுகின்றனர். ஓரளவு வெள்ளைபடுதல் இயற்கை. மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில் அது கூடுவதும் குறைவதும் உண்டு. துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் ஆகியவை சேர்ந்தாலே வைத்தியரை நாடவேண்டும்.

இதனினும் ஆழப் புதைந்து கிடப்பது சுய இன்பம் பற்றிய அச்சம். 1760ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து வைத்தியர் திஸ்ஸோ, அப்பழக்கம் உடலையும் அறிவையும் அழிக்கும் என நூலெழுதினார். அந்த அச்சம் நெடுங்காலம் நிலைத்தது. 1953இல் அமெரிக்க ஆய்வாளர் கின்சி வெளியிட்ட நூலோ, தாம் வினவிய பெண்களுள் பத்தில் அறுவர் அதனை அறிந்தவர் எனக் காட்டிற்று. அதனால் மலடு உண்டாவதில்லை, வெள்ளைபடுவதில்லை, உடல் நலிவதுமில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. அது கடமையுமன்று, குற்றமுமன்று. கைத்தூய்மை வேண்டும், அன்றாட வாழ்வுக்கு இடையூறாகுமாயின் வைத்திய ஆலோசனை பெறலாம். அவ்வளவே.

இவ்வச்சத்தால் விளையும் கேடுதான் பெரிது. தன் நோய் தான் செய்த பாவத்தின் கூலி என்று எண்ணுபவள் வைத்தியரிடம் போவாளா? உறவுக்குப் பின்னோ, மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் கசிந்தாலும் வாய்மூடி இருப்பாள். அக்கசிவு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் பப்பிலோமா என்னும் வைரசு, சுய இன்பமன்று. பாலுறவால் மிகச் சாதாரணமாகத் தொற்றும் இவ்வைரசு, ஒருவனையே மணந்து வாழ்பவளையும் விட்டுவைப்பதில்லை.

நற்செய்தியும் உண்டு. இந்நோய் முற்றப் பல ஆண்டுகள் செல்லும். முன்னரே கண்டால் தடுத்துவிடலாம். நலமாயிருக்கும் பெண்களையே சோதிக்கும் சிகிச்சை நிலையங்களை இலங்கை அரசு 1996 முதல் நடத்தி வருகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் கருப்பைக் கழுத்திலிருந்து சில உயிரணுக்களை எடுத்து அங்கு இலவசமாகச் சோதிப்பர். சில நிமிட வேலை. பாடசாலைச் சிறுமியருக்கு 2017 முதல் தடுப்பூசியும் போடப்படுகிறது.

கண்டியில் போதனா வைத்தியசாலை உண்டு. பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் உண்டு. ஊர்தோறும் மருத்துவ மாது வருகிறார். இத்தனையும் அருகிருக்க, எஞ்சி நிற்கும் தூரம் ஒரு சொல்லின் தூரமே. உடலுறுப்புகளின் பெயரைக் கூசாமல் சொல்லித்தரும் தாய், மகளுக்கு நாணமின்மையைக் கற்பிக்கவில்லை. தன் உயிரைத் தானே காத்துக்கொள்ளும் வழியைக் கற்பிக்கிறாள்.